ஒத்திகையில் பஸ் இருந்ததா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அடுத்த பெருந்தொற்று வந்தால் சமாளிப்பதற்காக மருத்துவமனைகளில் ஒத்திகை நடந்ததாகச் சென்ற வாரம் உங்கள் நாளிதழில் படித்தேன். ஆக்ஸிஜன் தொட்டி, வெண்டிலேட்டர், கவச உடை எல்லாவற்றையும் சரிபார்த்தார்களாம். நல்ல காரியம். செய்தியை என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "பஸ் ஓடுமான்னு ஏதாவது போட்டிருக்காங்களா, பாருங்க" என்றாள். இன்னொரு தடவை படித்துப் பார்த்தேன். அப்படி ஒரு வரியும் இல்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் மணப்பாறை பக்கத்து முறுக்கு வியாபாரி. கொரோனாவுக்கு முன்பு ரயில் நிலையத்தில் நின்று போகிற வண்டிகளில் விற்பேன், மீதியைக் கடைகளுக்குப் போடுவேன். சுற்றுவது மனைவி, பொரிப்பது நான். எங்கள் ஊர் முறுக்கின் ருசிக்கு இங்குள்ள உப்புத் தண்ணீர்தான் காரணம் என்பார்கள். 2023இல் புவிசார் குறியீடுகூடக் கிடைத்துவிட்டது. ஊரே உப்புத் தண்ணீரால் பிழைக்கிறது. என் வீட்டில் மட்டும் உப்பையும் தண்ணீரையும் அளந்துதான் எடுக்க வேண்டும். சர்க்கரை நோயில் 2019இல் மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்தன. அன்று முதல் செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் திருச்சியில் டயாலிசிஸ், அதாவது மெஷின் வழியாக ரத்தத்தைச் சுத்தம் செய்வது. எங்களுக்கு மெஷின் கிடைத்தது அங்கேதான். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருப்பதால் மெஷினுக்குப் பணம் இல்லை. போய்வரத்தான் பணம். வீட்டிலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர்.

இதைப் பற்றித் தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். நாம் குடிக்கிற தண்ணீர் சிறுநீராக வெளியேறிவிடும். அவளுக்கு அப்படிப் போகாது. அடுத்த முறை மெஷினில் படுக்கும்வரை உடம்பிலேயேதான் கிடக்கும். மூன்று நாளில் இரண்டரை, மூன்று கிலோ எடை கூடிவிடும். முதலில் கால் வீங்கும், அப்புறம் நெஞ்சில் நீர் கோத்து மூச்சு வாங்கும். அதைவிடப் பெரிய பயம் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறுவது. அது வெளியே தெரியாது, நேராக இதயத்தை நிறுத்திவிடும். இளநீர், வாழைப்பழம் எல்லாம் எங்கள் வீட்டு வாசல்படி ஏறாததற்கு அதுதான் காரணம். ஒரு முறையைத் தவறவிட்டால் படுக்கை, இரண்டு முறை போனால் பாடை என்று டயாலிசிஸ் வார்டில் எங்களுக்குள் பேசிக்கொள்வோம். வேடிக்கைக்காகச் சொல்லவில்லை.

24 மார்ச் 2020 செவ்வாய்க்கிழமை. அன்று மாலை ஆறு மணிக்குத் தமிழ்நாட்டில் 144 வந்தது. மெஷின் முடிந்து, கடைசி பஸ்களில் ஒன்றில் நெருக்கியடித்து வீடு வந்து சேர்ந்தோம். இரவு எட்டு மணிக்கு நாடு முழுவதும் ஊரடங்கு என்று டிவியில் சொன்னார்கள். 21 நாள் என்றதும் ஊரில் எல்லாரும் அரிசியும் பருப்பும் கணக்குப் போட்டார்கள். நான் ஆறு செவ்வாய் வெள்ளி என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

முதல் வெள்ளிக்கிழமைக்கு வாடகைக் காரைக் கேட்டோம். போய்வர 1,800 ரூபாய் என்றார்கள். வாரத்துக்கு இரண்டு முறை என்றால் 3,600. ரயில் இல்லை, கடை இல்லை, முறுக்கு அடுப்பே பற்றவைக்காத வீட்டில் அந்தப் பணத்துக்கு எங்கே போவது? 108க்குப் போன் பண்ணக்கூடாதா என்று அப்போது நிறையப் பேர் கேட்டார்கள். அது ஆபத்தில் இருப்பவரைத் தூக்கிப் போவதற்கான வண்டி. நல்லபடி உட்கார்ந்திருக்கிறவளை வாரம் இரண்டு தடவை கூட்டிப்போய்க் கூட்டிவர அதை எப்படிக் கேட்பது? கேட்டால், அந்த நேரத்தில் யாராவது பிரசவ வலியில் துடித்துக்கொண்டிருப்பார்களே.

காப்பாற்றியது பக்கத்துத் தெரு தம்பி. அவனிடம் ஒரு குட்டியானை, அதாவது சின்னச் சரக்கு வண்டி, உண்டு. காய்கறி என்பதால் ஊரடங்கிலும் ஓட்டலாம். ராத்திரி ஒரு மணிக்குக் கிளம்பி காந்தி மார்க்கெட் போவான். கொஞ்ச நாளில் மொத்த வியாபாரத்தைப் பொன்மலை ஜி கார்னர் மைதானத்துக்கு மாற்றிவிட்டார்கள், அங்கே போவான். மனைவியை முன்னால் அவன் பக்கத்தில் உட்காரவைத்து இரண்டு பக்கக் கண்ணாடியையும் இறக்கிவிடுவோம். அவன் வாயைச் சுற்றித் துண்டு. அவளுக்கு என் பழைய வேட்டியில் அவளே தைத்த மூன்றடுக்கு முகக்கவசம். நான் பின்னால் கத்திரிக்காய் மூட்டைகளுக்கு நடுவில். கருமண்டபத்தில் போலீஸ் டார்ச் அடித்து, "மூட்டைக்கு நடுவுல யாருய்யா அது?" என்று கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. டயாலிசிஸ் ஃபைலைக் காட்டினேன். பச்சை அட்டை போட்ட ஃபைல். அந்தக் காவலர் தாளைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. மனைவியின் கையில் ஃபிஸ்டுலா, அதாவது டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ஆபரேஷனில் இணைத்த ரத்தக்குழாய், புடைத்திருப்பதைப் பார்த்துவிட்டு, "எங்க அம்மாவும் போட்டுக்கிட்டு இருந்தாங்க, போங்க" என்றார். அடுத்த முறை அவர் இருக்கமாட்டார் என்று பயந்துகொண்டேதான் ஒவ்வொரு முறையும் போனோம்.

இரண்டரை மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிடுவான். மெஷின் ஏழு மணிக்கு. துணைக்கு வந்தவர்களை உள்ளே விடமாட்டார்கள். நோய் பரவக்கூடாது என்பதற்காகத்தான், அதைத் தப்பு சொல்லமாட்டேன். ஆனால் வெளியே டீக்கடை கிடையாது, கழிப்பறை பூட்டு. படியில் துண்டை விரித்து அவள் படுப்பாள், நான் கொசு ஓட்டுவேன். மதியம் மெஷின் முடிந்து தலை சுற்றலோடு வெளியே வருபவளை வீட்டுக்குக் கொண்டுவருவது அன்றன்றைக்கு ஒரு கதை. பால் வண்டி, மருந்துக் கம்பெனி வேன், ஒருமுறை இறுதி ஊர்தி திரும்பி வருகிற வழியில். "இதுல ஏறி உயிரோட இறங்குனது நான் ஒருத்திதான்" என்று அன்றைக்கு அவள் சிரித்தாள்.

எங்கள் ஷிப்ட்டில் எட்டுப் பேர். அந்த எட்டில் ஒருவர் விராலிமலைப் பக்கத்துப் பெரியவர். எங்களைவிட அவருக்குத்தான் திருச்சி கிட்டம். ஆனால் விராலிமலை புதுக்கோட்டை மாவட்டம். எல்லையைத் தாண்ட இ-பாஸ் வேண்டும். ஜூன் மாதம் கொஞ்ச நாள் பஸ் ஓடியபோது ஒழுங்காக வந்தார். ஜூலையில் பஸ் மறுபடி நின்றது, பாஸும் மறுபடி வந்தது. மகனுக்குப் போனில் விண்ணப்பம் போடத் தெரியாது. போட்டுக்கொடுத்த கம்ப்யூட்டர் கடையும் மூடிக் கிடந்தது. ஒரு செவ்வாய் வரவில்லை. வெள்ளியும் வரவில்லை. அடுத்த செவ்வாய் அந்தப் படுக்கையில் வேறொருவர் படுத்திருந்தார். ஆகஸ்ட் 17 முதல் விண்ணப்பித்தவர்கள் எல்லாருக்கும் உடனே பாஸ் என்றார்கள், செப்டம்பர் 1 முதல் மாநிலத்துக்குள் பாஸே வேண்டாம் என்றார்கள், பஸ்ஸும் ஓட ஆரம்பித்தது. அவருக்குக் கொரோனா வரவே இல்லை. தினமும் மாலையில் வெளியிட்ட இறப்புக் கணக்கில் அவர் இருக்கமாட்டார். இருக்க நியாயமும் இல்லை. அப்படியென்றால் அவரை எந்தக் கணக்கில் எழுதுவது என்பதை மட்டும் யாராவது சொல்லுங்கள்.

இரண்டாம் அலையைப் பற்றி எழுதும்போது முதலில் என் தப்பைச் சொல்லவேண்டும். 2021 மார்ச் 1 முதல் 45 வயதுக்கு மேல் இணைநோய் உள்ளவர்களுக்குத் தடுப்பூசி போட ஆரம்பித்தார்கள். டயாலிசிஸ் நோயாளிகளும் அந்தப் பட்டியலில் உண்டு. மனைவிக்கு அப்போது 52. டாக்டர் சான்றிதழும் எழுதிக் கொடுத்தார். நான்தான் "தேர்தல் முடியட்டும், கூட்டம் குறையட்டும்" என்று தள்ளிப்போட்டேன். ஏப்ரலில் நடிகர் விவேக் தடுப்பூசி போட்டுக்கொண்ட இரண்டாம் நாள் இறந்தார். அதற்கும் ஊசிக்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர்கள் சொன்னது எங்கள் தெரு வரைக்கும் வந்து சேரவில்லை, இறந்த செய்தி மட்டும் வந்தது. சான்றிதழை மடித்து ஃபைலுக்குள் வைத்துவிட்டேன்.

மே 14, வெள்ளிக்கிழமை. ரம்ஜான் அன்று. ஆஸ்பத்திரி வாசலில் நெற்றிக்கு நேரே காட்டுகிற கருவியில் 101 என்று வந்தது. "டெஸ்ட் எடுத்து ரிசல்ட்டோட வாங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த இடத்தின் பெயரை எழுதப்போவதில்லை. உள்ளே எதிர்ப்புச் சக்தி குறைந்த எட்டுப் பேர் படுத்திருக்கிறார்கள், காய்ச்சலோடு ஒருத்தியை எப்படி விடுவார்கள்? அது எனக்கும் புரிகிறது. ஆனால் டயாலிசிஸ், ரத்தம் ஏற்றுவது, கீமோ, பிரசவம் இவற்றுக்கெல்லாம் டெஸ்ட் வேண்டும் என்று வற்புறுத்தித் திருப்பி அனுப்பக்கூடாது என்று மத்திய சுகாதாரச் செயலர் 2020 ஏப்ரலிலேயே மாநிலங்களுக்கு எழுதியிருந்தாராம். தொற்று உள்ளவர்களைத் தனி மெஷினிலோ கடைசி ஷிப்ட்டிலோ போடலாம் என்று வழிமுறையும் இருந்ததாம். இதெல்லாம் ரொம்ப நாள் கழித்து ஒரு வக்கீல் சொல்லித்தான் எனக்குத் தெரியும். டெல்லியில் எழுதிய கடிதம் அந்த வாசலில் நின்ற காவலாளிக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்தோம். வேப்ப மரத்தடியில் மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்கள். ரிசல்ட் வர இரண்டு நாள் ஆகலாம் என்றார்கள். சனிக்கிழமை காலே வீங்கிவிட்டது. ராத்திரி படுக்க முடியவில்லை. சுவரில் தலையணையைச் சாய்த்து உட்கார்ந்தே இருந்தாள். மூச்சு வாங்குவது கொரோனாவாலா, தண்ணீராலா? பார்க்கிற எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வருகிறவர்களோ ஜன்னல் வழியாக ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். "நிறைய வெந்நீர் குடிக்கச் சொல்லுங்க." "கபசுரக் குடிநீர் மூணு வேளை." டிவியிலும் அதேதான், நிறையத் தண்ணீர் குடியுங்கள், பழச்சாறு குடியுங்கள். மற்றவர்களுக்குச் சரி. அவளுக்கு அது விஷம். ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர்தான் அளவு. தெருவுக்குத் தெரு கபசுரக் குடிநீர் கொடுத்த பையன் இவள் வேண்டாம் என்றதும், "பாட்டி நம்பிக்கை இல்லாதவங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். 52 வயசுக்காரியைப் பாட்டி என்றதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது.

ஞாயிற்றுக்கிழமை கிராம சுகாதார செவிலியர் வந்தார். நாங்கள் நர்ஸம்மா என்றுதான் கூப்பிடுவோம். விரலில் மாட்டிப் பார்க்கிற ஆக்ஸிமீட்டரை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, ஃபிஸ்டுலா இல்லாத கையில் மாட்டினார். 91. 94க்குக் கீழே போனாலே ஆஸ்பத்திரி என்று எல்லாருக்கும் மனப்பாடம் ஆகியிருந்த காலம் அது. அன்று மதியம் போனில் பாசிட்டிவ் என்று செய்தியும் வந்தது. நான் ஒவ்வொரு உதவி எண்ணாக அழைத்தேன். படுக்கை இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல ஆள் இருந்தார்கள். கொரோனா நோயாளிக்கு டயாலிசிஸ் மெஷின் எங்கே காலியாக இருக்கிறது என்று சொல்ல எனக்குக் கிடைத்தவர்கள் யாரிடமும் பட்டியல் இல்லை.

அந்தப் பட்டியலை நர்ஸம்மாதான் தயார் பண்ணினார். எங்கள் வீட்டுக்கு எதிரே மூடிக்கிடந்த சைக்கிள் கடைப் பலகையில் உட்கார்ந்து, சொந்த போனில், பள்ளிக்கூட நோட்டு ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு இடமாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். ஏழாவது போனில் ஓர் இடம் கிடைத்தது. திங்கள் இரவு, எல்லா ஷிப்ட்டும் முடிந்த பிறகு, ஒன்பது மணிக்கு ஒரு மெஷின். அதன் பிறகு 108க்குச் சொன்னார். அந்த வண்டியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதாமல் இருக்க முடியாது. கவச உடையில் வியர்த்து ஊற்ற வந்த அந்தப் பிள்ளைகள் அவளைப் படுக்கவைக்காமல் உட்காரவைத்து, ஆக்ஸிஜன் கொடுத்தே கூட்டிப்போனார்கள். அன்று மெஷின் 3.8 கிலோ தண்ணீரை எடுத்தது. செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு ஆறு நாள்.

11 நாள் உள்ளே இருந்தாள். நான் திண்ணையில். எனக்கும் காய்ச்சல் வந்து போனது. வாசல் கதவில் ஒட்டிய ஸ்டிக்கரைக் கிழிக்க மறந்து மூன்று மாதம் அப்படியே கிடந்தது. மூன்று மாதம் கழித்துத்தான் தடுப்பூசி போடலாம் என்றதால், செப்டம்பர் 12 அன்று மாநிலம் முழுவதும் நடந்த பெரிய முகாமில், பள்ளிக்கூடத்தில் வரிசையில் நின்று போட்டுக்கொண்டோம். எனக்கு முன்னால் அவள் கையை நீட்டினாள்.

குறை மட்டும் சொல்கிறேன் என்று நினைக்கவேண்டாம். அந்த ஆண்டு ஆகஸ்ட் 5 அன்று ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் எங்கள் தெருவில் வீட்டுக்கே வருகின்றன. வயிறு வழியாக வீட்டிலேயே டயாலிசிஸ் செய்கிறவர்களுக்கு அதற்கான திரவப் பையும் அந்தத் திட்டத்தில் உண்டு. எங்கள் வீடு எண்ணெய்ப்புகை வீடு, கிருமி தொற்றிவிடும், வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆக, எங்களுக்கு வீட்டுக்கு வருகிற மருத்துவம் போதாது. நாங்கள்தான் மருத்துவத்திடம் போகவேண்டும். வாரத்துக்கு இரண்டு முறை, சாகும்வரை.

அதனால்தான் கேட்கிறேன். அந்த ஒத்திகையில் ஒரு சுகாதார நிலையத்துக்காவது போய், உங்கள் எல்லைக்குள் டயாலிசிஸ் நோயாளிகள் எத்தனை பேர், யார் யார், எந்தக் கிழமை எங்கே போகிறார்கள் என்று கேட்டார்களா? எங்கள் நர்ஸம்மாவின் நோட்டில் அது இருக்கிறது. அவர் மாற்றலாகிப் போனால் நோட்டும் போய்விடும். அதைச் சுவரில் எழுதவேண்டாம், அலுவலகத்தில் ஒரு பதிவேடாக வையுங்கள். காய்ச்சல் வந்த டயாலிசிஸ் நோயாளியை எந்த ஆஸ்பத்திரி, எந்த ஷிப்ட்டில் எடுத்துக்கொள்ளும் என்பதைத் தொற்று வருவதற்கு முன்பே எழுதிவையுங்கள். வந்த பிறகு ஏழு போன் பண்ணவேண்டாம். எல்லா பஸ்ஸையும் நிறுத்துகிற அன்றைக்கு விடிகாலை ஒன்று, பிற்பகல் ஒன்று என்று இரண்டு பஸ் மட்டும் ஒவ்வொரு வட்டத்திலிருந்தும் ஓடட்டும். டயாலிசிஸ், கீமோவுக்குப் போகிறவர்கள் மட்டும் ஏறட்டும். காப்பீட்டு அட்டையே பாஸாக இருக்கட்டும். மாவட்ட எல்லை கிட்னிக்குத் தெரியாது. அப்புறம், "நிறையத் தண்ணீர் குடியுங்கள்" என்று டிவியில் சொல்கிறவர்கள் "சிறுநீரக நோயாளிகள் தவிர" என்று மூன்று வார்த்தை சேர்த்துச் சொன்னால் போதும்.

இந்தக் கடிதத்தைப் படிக்கிற டயாலிசிஸ் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. கடைசி மூன்று ஷிப்ட் தாள்களின் நகல் ஒன்று எப்போதும் கையில் இருக்கட்டும். உங்கள் உலர் எடை, அதாவது கூடுதல் தண்ணீரை எடுத்த பிறகு இருக்கவேண்டிய எடை, எவ்வளவு என்பது வீட்டில் இன்னொருவருக்கும் தெரியவேண்டும். நீங்கள் போகும் இடம் தவிர இன்னோர் இடத்தின் எண்ணை இன்றே வாங்கிக் குறித்துவையுங்கள். ஷிப்ட் தவறிவிட்டால் அன்றிலிருந்தே தண்ணீரையும் உப்பையும் பழத்தையும் இன்னும் குறையுங்கள், அதே நேரம் டாக்டரிடமும் போனில் சொல்லிவிடுங்கள். காய்ச்சல் என்றால் மறைத்துக்கொண்டு உள்ளே போகாதீர்கள், முதலிலேயே போன் செய்துவிட்டுப் போங்கள். பக்கத்துப் படுக்கையில் இருப்பவர் நம் ஆள்தானே.

இதை எழுதுவது வியாழன் இரவு. மனைவி தூங்கிவிட்டாள். பச்சை ஃபைல் வாசல் ஆணியில் தொங்குகிறது, பிஸ்கட்டும் துண்டும் பையில் எடுத்துவைத்தாயிற்று. அடுத்த ஒத்திகை எப்போது என்று எனக்குத் தெரியாது. அதிகாரிகள் வருவதென்றால் ஏதாவது ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் ஊர் ஸ்டாப்புக்கு வரச் சொல்லுங்கள். 4.50க்கு வண்டி. நாங்கள் நாலரைக்கே வந்து நிற்போம்.

இப்படிக்கு,
முறுக்கு வியாபாரி ஒருவர்,
மணப்பாறை வட்டம்,
திருச்சிராப்பள்ளி மாவட்டம்.